வட்டி போக மீதி

ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாடு அரசின் வரவு செலவுத் திட்டம் சட்டமன்றத்துக்கு வருகிறது. பள்ளிக் கல்விக்கு எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு, நெடுஞ்சாலைக்கு எவ்வளவு என்று துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வைக்கப்படுகின்றன. உறுப்பினர்கள் பேசுகிறார்கள், குறுக்கே கேட்கிறார்கள், கடைசியில் வாக்களித்து அனுமதி தருகிறார்கள். ஆனால் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று அந்த வாக்கெடுப்புக்கே வருவதில்லை. அது அரசு வாங்கிய கடனுக்கான வட்டி. அரசியலமைப்புச் சட்டத்தின் 202, 203-ஆம் பிரிவுகளின்படி ஆளுநரின் ஊதியம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் ஆகியவற்றோடு கடனும் அதன் வட்டியும் ஒரே பட்டியலில் வருகின்றன. அவற்றைப் பற்றி அவையில் விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. கட்டியே ஆக வேண்டும்.

2025 மார்ச் 14 அன்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 வரவு செலவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி. இரண்டையும் கூட்டினால் 68,673 கோடி. அதே ஆண்டில் வட்டிக்கு மட்டும் சுமார் 70,750 கோடி. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஒதுக்கியதை விட வட்டி அதிகம். நாள் கணக்கில் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 194 கோடி ரூபாய்.

நான் திண்டிவனத்துக்காரி. கருவூலத் துறையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலம் முழுவதும் விழுப்புரம் மாவட்டத்திலேயே கழிந்தது. ஆசிரியர் சம்பளம், ஆஸ்பத்திரி மின் கட்டணம், விடுதி மாணவர்களின் சாப்பாட்டுச் செலவு, முதியோர் உதவித்தொகை என்று எதுவானாலும் ஒரு பட்டியலாகக் கருவூல மேசைக்கு வந்து, சரிபார்க்கப்பட்ட பிறகுதான் பணமாக மாறும். பொருளாதாரம் படித்தவர்கள் கடனைச் சதவீதத்தில் பேசுவார்கள். நான் அதைப் பட்டியல்களின் வரிசையில் பார்த்திருக்கிறேன். எந்தப் பட்டியல் உடனே பாஸாகிறது, எது காத்திருக்கிறது என்று கவனித்தால் அரசின் கடன் நம் தெருவுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது புரிந்துவிடும்.

வீட்டுக்கு 2,63,976 ரூபாய்

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாக அதில் இருந்த கணக்கு எல்லாச் செய்திகளிலும் வந்தது. எங்கள் தெருவில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண் மறுநாள் காலையிலேயே வாசலுக்கு வந்துவிட்டாள்.

“அக்கா, நம்ம வீட்டு மேல ரெண்டு லட்சத்து அறுபத்து மூவாயிரம் கடன் இருக்காமே? நான் எங்கயும் கையெழுத்துப் போடலியே.”

“உன்கிட்ட வந்து யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

“கேக்கலன்னா அப்புறம் யாருக்கா கட்டறது?”

அவள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, அரசு எப்படிக் கடன் வாங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாநில அரசு கடன் பத்திரங்களை வெளியிடுகிறது. வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் ரிசர்வ் வங்கி அவற்றை ஏலம் விடுகிறது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதியங்கள் வாங்குகின்றன. நாம் கட்டும் எல்.ஐ.சி. பிரீமியமும் சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப். பணமும் இந்த வழியில்தான் அரசுக்குக் கடனாகப் போகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி. தவணை நாளன்று அரசின் கணக்கிலிருந்து ரிசர்வ் வங்கி அதை எடுத்துக்கொடுத்துவிடும். எந்தக் கருவூலத்திலும் யாரும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அசல் தவணை முடியும்போது என்ன ஆகும்? பெரும்பாலும் புதிதாகக் கடன் வாங்கிப் பழையது அடைக்கப்படும். 2025-26-ல் அரசு வாங்கத் திட்டமிட்ட மொத்தக் கடன் சுமார் 1,62,097 கோடி. அதில் சுமார் 55,845 கோடி பழைய கடனைத் திருப்பிக் கொடுக்கவே போய்விடும் என்பது மதிப்பீடு. 2026 மார்ச் இறுதியில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. மாநிலப் பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் இது 26.07 சதவீதம். பஞ்சாப் போன்ற மாநிலங்களின் விகிதம் இதைவிட மிக அதிகம். தமிழ்நாடு திவாலாகிவிடும் என்று மேடையில் பேசுபவர்கள் மக்களைப் பயமுறுத்துகிறார்கள். கடனைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பவர்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. 2025-26 மதிப்பீட்டின்படி, வருவாயாக வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 21 ரூபாய் வட்டிக்குப் போய்விடுகிறது. சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்தால் நூறில் 62 ரூபாய் முன்கூட்டியே பேசி முடிந்த பணம். மருந்து, மதிய உணவு, சாலை, குடிநீர், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் மீதி 38 ரூபாயைத்தான் பங்கு போட வேண்டும்.

காத்திருக்கும் பட்டியல்

சம்பளப் பட்டியல் நிற்காது. ஓய்வூதியம் நிற்காது. நிற்கக் கூடியது சில்லறைச் செலவினப் பட்டியல்தான். பெயர் சில்லறை என்றாலும் அதற்குள்தான் ஓர் அலுவலகத்தின், ஒரு விடுதியின், ஒரு மருத்துவமனையின் அன்றாட உயிர் இருக்கிறது.

அரசு மாணவர் விடுதி ஒன்றின் காப்பாளர் எனக்கு நினைவுக்கு வருகிறார். தலை நரைத்த மனிதர், எப்போதும் ஒரு மஞ்சள் பையுடன் வருவார். பைக்குள் மளிகைக் கடை ரசீதுகள், காய்கறி மண்டித் துண்டுச்சீட்டுகள், எரிவாயு சிலிண்டர் பில்கள், எல்லாவற்றையும் தேதி வாரியாக நூலில் கோத்து வைத்திருப்பார். “மேடம், அலாட்மெண்ட் வந்துடுச்சுங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. ஒதுக்கீடு வராமல் பட்டியலை அனுமதிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. வரவில்லை என்றால் அவர் மண்டிக்காரரிடம் போய் இன்னும் ஒரு மாதம் கடன் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் கடன் சொல்லி வாங்கும் காயில் தரம் கேட்க முடியாது. மண்டிக்காரர் போட்ட விலைதான் விலை. அரசின் கஜானாவில் இருந்த நெருக்கடி அந்தப் பிள்ளைகளின் தட்டுக்கு வந்த விதம் இதுதான்.

2023-ல் விடுதி மாணவர்களின் மாதாந்திர உணவுச் செலவுத் தொகை பள்ளி மாணவர்களுக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவர்களுக்கு 1,100-லிருந்து 1,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டிய உயர்வு. 1,400 ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 46 ரூபாய் சொச்சம். அதில் மூன்று வேளையும் முடிய வேண்டும். இந்தத் தொகையில் பத்து ரூபாய் கூட்டுவதற்குக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வட்டித் தொகைக்கு அந்த மேசைகள் எதுவும் கிடையாது.

தொகுப்பூதியம் என்னும் வழி

கடன் நெருக்கினால் எந்த அரசும் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடுவதில்லை. ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறது. நிரப்பினாலும் தொகுப்பூதியத்தில் நிரப்புகிறது. 2022-ல் அரசுப் பள்ளிகளில் 13,331 தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க ஆணை வந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் உயர்த்தப்பட்டது உண்மை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் 18,000 ரூபாய்க்கு இரவுப் பணி பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் சத்துணவு மையங்களில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசாணை வந்தது. மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம்.

“யாருக்கா கட்டறது?” என்று கேட்டாளே எங்கள் தெருப் பெண், அவளுக்கான பதில் இதில் இருக்கிறது. அவளைப் போன்றவர்கள்தான் கட்டுகிறார்கள். முழுச் சம்பளம் தராமல் முழு வேலை வாங்கும்போது, அந்த வித்தியாசத்தொகை அரசுக்கு மிச்சமாகிறது. ஓய்வு பெறும் சத்துணவுப் பணியாளருக்குப் பல ஆண்டுகளாக மாதம் 2,000 ரூபாய்தான் சிறப்பு ஓய்வூதியமாக இருந்தது.

நிரந்தரப் பணியாளர்களும் ஓரளவு கட்டியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது, ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறுவதும் நிறுத்தப்பட்டது. 2020 மே மாதம் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. ஒரே நேரத்தில் பல ஆயிரம் பேருக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடையும் மற்றப் பலன்களும் அதனால் தள்ளிப்போயின. அதே அளவுக்குத் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்த பிள்ளைகளின் வேலையும் தள்ளிப்போயிற்று. திண்டிவனத்து நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆணைதான் நினைவுக்கு வரும்.

கடன் எதற்கு என்பதுதான் கேள்வி

கடன் வாங்குவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் மகளிர் குழுவில் கறவை மாட்டுக்கு வாங்கிய கடன் பால் காசிலேயே அடைந்துவிடும், காதுகுத்துக்கு வாங்கிய கடனை அடைக்க இன்னொரு கடன் தேவைப்படும். அரசுக்கும் கணக்கு இதுதான். 2025-26 மதிப்பீட்டின்படி நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி, அதற்குள் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அதாவது அரசு புதிதாகக் கடன் வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போகிறது. மீதிதான் கட்டடமாகவும் பாலமாகவும் அணையாகவும் நிற்கிறது.

மூலதனச் செலவு நன்றாக அமைந்தால் என்ன பலன் என்பதற்கு விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கமே சாட்சி. 2010-ல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன், சென்னை–திருச்சி சாலையில் அடிபட்டவர்களைப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ கொண்டு ஓட வேண்டியிருந்தது. வழியிலேயே போன உயிர்களை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அறிவோம். ஒரு மருத்துவக் கல்லூரி எழுப்ப வாங்கும் கடனுக்கு வட்டி கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை.

செலவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சாட்சி உண்டு. தென்பெண்ணையின் குறுக்கே, நம் பக்கம் தளவானூருக்கும் கடலூர் மாவட்டம் ஏனாதிரிமங்கலத்துக்கும் இடையே சுமார் 25 கோடி ரூபாயில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2020-ல் திறப்பு விழா நடந்தது. 2021 ஜனவரியில் அணையின் ஒரு பக்கம் உடைந்து, தேக்கியிருந்த தண்ணீர் ஆற்றோடு போயிற்று. கிணற்றில் நீர் ஊறும் என்று நம்பியிருந்த இரு கரை விவசாயிகளும் ஏமாந்தார்கள். அணை உடைந்தால் அதற்குச் செலவான பணம் திரும்பி வராது. அந்த ஆண்டு வாங்கிய கடனின் வட்டியும் குறையாது. ஆகவே கட்டுமானத் தரம் என்பது பொறியாளர்களின் விஷயம் மட்டும் இல்லை. ஒழுங்காகக் கட்டாத ஒவ்வொரு அணையும் எங்கோ ஒரு பள்ளியில் நிரப்பப்படாத ஒரு பணியிடம்.

இன்னொரு வகைக் கடன் வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே, போக்குவரத்துக் கழகங்கள், மின்வாரியம் போன்ற அரசு நிறுவனங்களில் வளர்ந்தது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்று 2021 வெள்ளை அறிக்கை சொன்னது. மின்வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை 2016-17-ல் ஒன்றிய அரசின் உதய் திட்டத்தின் கீழ் மாநில அரசே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண நகரப் பேருந்தில் நான் இப்போது கட்டணம் இல்லாமல் பயணிக்கிறேன். 2021 மே மாதம் பெண்களுக்காக வந்த இந்தத் திட்டத்தால் எங்கள் ஊரிலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதை என் கண்ணால் பார்க்கிறேன். அதை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தச் செலவைக் கழகத்தின் தலையில் நட்டமாக விடாமல், அரசு உரிய காலத்தில் முழுமையாக ஈடு செய்ய வேண்டும் என்கிறேன். இல்லாவிட்டால் அது பழைய பேருந்தாகவும், ஓய்வு பெற்ற ஓட்டுநருக்கு நிலுவையாகவும் மாறும்.

புயல் கேட்டு வருவதில்லை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்து திண்டிவனத்துத் தெருக்களில் புகுந்தது. சாத்தனூர் அணையைத் திறந்தபோது தென்பெண்ணை இரு கரையையும் விழுங்கிற்று. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. உடனடித் தேவைக்கு மாநிலம் ஒன்றிய அரசிடம் 2,000 கோடி கேட்டது. பேரிடர் நிதியில் ஒன்றிய அரசின் பங்காக 944.80 கோடி விடுவிக்கப்பட்டது.

மீதியை மாநிலம்தான் சமாளித்தாக வேண்டும். ஒன்றிய வரிப் பகிர்வில் பதினைந்தாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குத் தந்த பங்கு 4.079 சதவீதம். 2024-25-ல் ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் 2,152 கோடியும் வராமல் நின்றதால் மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இப்படி வரவு சுருங்கும்போது கூடுதலாகக் கடன் வாங்கிச் சமாளிக்கவும் மாநிலத்துக்கு முழு உரிமை இல்லை. ஒன்றிய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் புதிதாகக் கடன் வாங்க அதன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 293-ஆம் பிரிவு. மேலே கடனுக்கு வரம்பு, கீழே வட்டிக்குக் கட்டாயம். இரண்டுக்கும் நடுவே சுருங்குவது சேவைகள்தான். பக்கத்துக் கேரளத்தில் இதே நெருக்கடியில் 2023-24-ல் ஏழைகளுக்கான 1,600 ரூபாய் நல ஓய்வூதியம் பல மாதங்கள் நிலுவையில் நின்றது. கடன் வரம்பைத் தளர்த்தக் கோரி அந்த அரசும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

எல்லை கடந்த பாடம்

விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2022-ல் அங்கே எனக்குத் தெரிந்த குடும்பத்தைப் பார்க்கப் போனபோது வீட்டில் பேச்சு முழுக்க அக்கரையில் இருக்கும் சொந்தங்களைப் பற்றித்தான். மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, மருந்து கிடைக்கவில்லை.

இலங்கை அரசின் வருவாயில் எழுபது சதவீதத்துக்கும் மேல் வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 2022 மார்ச்சில் காகிதம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. பேராதனை மருத்துவமனையில் மருந்துத் தட்டுப்பாட்டால் முன்கூட்டியே தேதி குறித்த அறுவை சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அந்த அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் போயின.

தமிழ்நாட்டின் நிலை இலங்கையின் நிலை ஆகாது. நம் கடன் பெரும்பாலும் ரூபாயில் இருக்கிறது, அதற்கு வரம்பும் இருக்கிறது. ஆனால் வட்டி முதலில், மருந்து பிறகு என்ற வரிசை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவழிப்பதை விட வட்டிக்கு அதிகம் செலவழிக்கும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. வர்த்தக மேம்பாட்டு அமைப்பு 2024-ல் கணக்கிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

கடனைக் காட்டி நலத்திட்டங்களை வெட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவுபடுத்தியபோதும் மாநிலம் தாங்காது என்றார்கள். அந்தச் சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள்தான் பின்னாளில் என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள், வரி கட்டினார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்படித்தான் பலன் தரும். படித்த, நோயில்லாத தலைமுறைக்குத்தான் எந்தக் கடனையும் அடைக்கும் சக்தி உண்டு.

வெட்ட வேண்டிய இடம் வேறு. வரி ஏய்ப்பு, உடையும் அணை, பல ஆண்டுகள் இழுக்கும் கட்டடப் பணி, மின்வாரிய நட்டம். மாநிலத்தின் சொந்த வரி வருவாய் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வளரவில்லை என்பதையும் வெள்ளை அறிக்கை எடுத்துக்காட்டியிருந்தது. அந்த இடைவெளியில் பாதி குறைந்தால்கூட வருவாய்ப் பற்றாக்குறை வெகுவாக இறங்கும்.

பொதுமக்களும் கேட்கத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் அடங்கிய மேலாண்மைக் குழு இருக்கிறது. நம் பள்ளியில் எத்தனை பணியிடம் காலி, எந்தத் தேதியிலிருந்து காலி, இருப்பவர்களில் எத்தனை பேர் தொகுப்பூதியத்தில் என்று தீர்மானமாக எழுதிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும்.

அரசிடம் என் கோரிக்கை ஒன்றே. நிதி நெருக்கடியில் எந்தெந்தத் துறையின் பட்டியல்கள் எத்தனை நாளாக, எவ்வளவு தொகைக்கு நிலுவையில் இருக்கின்றன என்பதை மாவட்டவாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். எல்லாப் பட்டியலும் இன்று கணினியில்தான் இருக்கிறது. தொகுத்து வெளியிட ஒரு நாள் போதும். விடுதிச் சாப்பாடு, மருந்து, உதவித்தொகை, தொகுப்பூதியம் ஆகிய நான்கையும் எந்த நிலையிலும் நிறுத்தி வைக்கக் கூடாதவை என்று சட்டமன்றம் தீர்மானிக்க வேண்டும். கடன் கொடுத்தவருக்குத் தவணை தவறாது என்று அரசியலமைப்பே உறுதி தருகிறது. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் பெண்ணுக்கும், விடுதியில் சாப்பிடும் பிள்ளைக்கும், மருந்துக்காக நிற்கும் நோயாளிக்கும் அதே உறுதியை இந்த மாநிலம் தர முடியும், தர வேண்டும்.